மூன்று வானிலைக்கு ஒரே உடுப்பு

வேலை உத்தரவில் ஏழாவது வரி:
'அலுவலகத்துக்கு ஏற்ற உடையில் வரவும்.'
எந்த மழைக்கு, எந்தப் பேருந்துக்கு ஏற்றது
என்பதை அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

நான் ஏறுவது குழித்துறையில்.
ஜூன் மாதம், காலை ஆறு மணி,
ரப்பர் இலைகளிலிருந்து நேற்றைய மழை
இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்.
வடசேரியில் வண்டி மாறும்போது வெயில்.
ஆரல்வாய்மொழியில் இறங்கினால்
காற்று.
சும்மா காற்றில்லை,
காற்றாலை சுற்றி ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிற காற்று.
எனக்கும் அதுதான் கொடுக்கிறது.

முதல் நாள் கஞ்சி போட்ட பருத்திச் சேலை.
அழகியமண்டபம் வருமுன்னே கஞ்சி இறங்கிவிட்டது.
அலுவலக வாசலில்
முந்தானை எனக்கு முன்னே உள்ளே போனது,
வருகைப் பதிவில் கையெழுத்துப் போடப் போவதுபோல.
ஒன்பது ஊக்கு குத்தியிருந்தேன்.
பத்தாவதைக் காவலாளி தந்தார்,
தலையை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு.

இரண்டாம் வாரம் சுடிதார்.
சுழலும் எதன் அருகிலும் துப்பட்டா கூடாது
என்றது பாதுகாப்புப் பிரிவின் தாள்.
துப்பட்டா இல்லாமல் கூட்டத்துக்கு வரவேண்டாம்
என்றது மேலாளரின் தாள்.
இரண்டும் ஒரே பலகையில்,
ஒரே குண்டூசியில்.

விஜிலா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
"தோளுல துணி போடப்பிடாதுண்ணு அடிச்சவனுவளும்
இந்த மண்ணுலதான் கெடந்தானுவ.
போட்டே தீரணும்ணு சொல்லுகவனுவளும் இங்கதான்.
நம்ம தோள விட்டு ஒருத்தனும் எறங்கல்ல, கேட்டியா?"
சொல்லிவிட்டு டிபன் பெட்டியைத் திறந்தாள்.
மரச்சீனிக் கிழங்கு, சாளைக் கறி.
மணம் வந்ததும் வரலாறு அதோடு நின்றது.

சம்பளம் வந்த சனிக்கிழமை
நாகர்கோவிலில் நான்கு மாடிக் கடை.
"ஆபீஸுக்கா மேடம்? லைட் கலர் பாருங்க."
வெள்ளை, மழையில் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.
சந்தன நிறத்தில் பேருந்துக் கம்பியின் கறை ஒட்டும்.
கறுப்பு, வடசேரியில் அடுப்பு.
விரித்துக்கொண்டே இருந்தாள் அந்தப் பெண்,
ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று.
அவள் உடுத்திருந்தது கடை கொடுத்த சேலை.
அதற்கு மாதம் நூற்றைம்பது பிடிக்கிறார்களாம்.
"ஒங்களுக்காவது எடுக்கலாம்" என்றாள்.
எதையென்று நான் கேட்கவில்லை.

கருநீலத்தில் மூன்றரை மீட்டர்.
நனைந்தால் வில்லுக்குறிக்குள் காயும் துணி.
மேட்டுக்கடையில் ரசாலம் அளவெடுத்தார்.
கழுத்துக்குக் காலர் வேண்டும்,
பக்கவாட்டு வெட்டு குறைவாக, காற்று நுழையக்கூடாது,
கை முட்டிவரை,
பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஓரிஞ்சு, சகதிக்காக.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
பாக்கெட் என்றதும் பென்சில் காதுக்கு ஏறிவிட்டது.
"பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு? ஷேப்பு போயிரும்."
"போகட்டும்."
"என்ன வைக்கப் போற?"
டெஸ்டர், போன், பஸ்ஸுக்குச் சில்லறை.
மாதத்தில் மூன்று நாள்
மேசையிலிருந்து கழிப்பறை வரை
யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோக வேண்டியது.
கடைசியதைச் சொல்லவில்லை.
ஆழத்தை மட்டும் கையால் காட்டினேன்.
ரசாலத்துக்கு மூன்று மகள்கள்.
ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமைக் கூட்டம்.
மேலாளர் என்னைக் கண்டார்.
காலரில் தொடங்கி, தோளில் சற்று நின்று,
அங்கே பறக்க எதுவும் இல்லாததால்
கீழே கீழே இறங்கி
கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.
"செருப்பா? ஷூ இல்லையா?"

"மழை சார்" என்றேன்.
வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.
குழித்துறை மழை
அவருடைய சன்னலுக்கு வருவதில்லை.

இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டு நின்றேன்.
இப்படி நிற்க முடியும் என்பதே இன்றுதான் தெரியும்.
வலது சரியாக இருந்தது.
இடது அரை இஞ்சு ஆழம் குறைவு.
சாயங்காலம் தக்கலையில் இறங்கி
ரசாலத்திடம் சொல்ல வேண்டும்.