பத்து மதிப்பெண் வினா

பாளையங்கோட்டையில் மே மாதம்.
விசிறியைப் போட்டால் தாள் பறக்கிறது,
நிறுத்தினால் வேர்வை சொட்டி மை பரவுகிறது.
ஒரு வேளைக்கு முப்பது விடைத்தாள்.
வினா பதினேழு:
சீனா ஒன்றுபட்ட வரலாற்றை விவரி, 1911 முதல் 1928 வரை.

இருபத்தொன்பது பேரும் ஒரே நோட்ஸ்.
காரணம் ஐந்து, விளைவு நான்கு,
அடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு.
முப்பதாவது தாளில் கோடு இல்லை.

'அரசன் போய்விட்டால் நாடு தானாக ஒன்றாகும் என்று நினைத்தார்கள்.
நடுவில் ஒருத்தன் எண்பத்து மூன்று நாள் ராஜாவாக இருந்தான்.
அப்புறம் ஆளுக்கொரு மாகாணம், ஆளுக்கொரு பட்டாளம்,
ஆளுக்கொரு ரூபாய் நோட்டு.
ஒருத்தன் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப்
படைக்கே ஞானஸ்நானம் கொடுத்தானாம்.
ஒருத்தன் மழை வரவில்லை என்று
வானத்தைப் பீரங்கியால் சுட்டானாம்.
எங்கள் ஊரில் கொடும்பாவிதான் இழுப்பார்கள்.'

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசையிலிருந்து சிவசைலம் சார் நிமிர்ந்தார்:
என்ன ஜெபக்கனி, கேள்வி தப்பா?
இல்லை சார், பதில்தான் சரியாக இருக்கிறது.

சார் ஒரு சங்கத்தின் செயலாளர்.
ஜன்னலோர மரியதங்கம் டீச்சர்
இன்னொரு சங்கத்தின் தலைவி.
தொண்ணூற்றேழு வரை ஒரே சங்கம்.
ஏன் பிரிந்தது என்று கேட்டால்
இவர் கொள்கை என்பார், அவர் கணக்கு வழக்கு என்பார்.
டீ கொண்டுவரும் இசக்கியப்பன் மட்டும்
நாற்காலி என்பான்.
ஞாயிறு காலை பத்து மணிக்கு
வண்ணார்பேட்டை மண்டபத்தில் இணைப்பு விழா.
நோட்டீஸ் இரண்டு வந்திருக்கிறது.
இரண்டிலும் மண்டபம் ஒன்று,
தலைமை வேறு.

'தெற்கிலிருந்து வடக்கே படை கிளம்பியது.
போகிற வழியிலேயே கூட வந்தவர்களைச் சுட்டது,
ஷாங்காயில், ஏப்ரல் மாதம்.
நாடு ஒன்றாகும் முன் வீடு இரண்டாயிற்று.
இருபத்தெட்டு டிசம்பர் இருபத்தொன்பதில்
மஞ்சூரியாவில் கொடியை மாற்றினார்கள்.
ஐந்து நிறம் இறங்கியது,
நீலத்தில் வெள்ளைச் சூரியன் ஏறியது.
ஒன்றாகிவிட்டது என்று புத்தகம் முடிகிறது.

அத்தனை கொடியையும் யார் தைத்தார்கள் என்று போடவில்லை.
தைத்தவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.
அந்தச் சூரியனுக்குப் பன்னிரண்டு முனை.
வட்டம் வெட்டிவிடலாம், முனைதான் பிசிறும்,
மடித்து அடிக்க வேண்டும்,
கொடி ஒன்றுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும்.
இறக்கிய கொடிகள் என்ன ஆயின என்றும் இல்லை.
நல்ல துணியாக இருந்தால்
தலையணை உறை வரும்.'

மதிப்பீட்டுக் குறிப்பில்
தலையணை உறைக்கு மதிப்பெண் இல்லை.

ஒன்றாக்குவது எப்படி என்று
இந்தச் சீமைக்கும் ஒரு கணக்கு உண்டு.
ஒருவன் கோட்டையை இடிக்க
அடுத்த பாளையத்தான் ஆள் அனுப்பினான்.
கும்பினி அதை உழுது ஆமணக்கு விதைத்தது என்பார்கள்.
ஊரின் பெயரையும் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.
அது பதினெட்டாம் வினா.
முப்பது பேரும் சாய்ஸில் விட்டுவிட்டார்கள்.

துணைத்தலைப்பு இல்லாவிட்டால் ஆறுக்கு மேல் கூடாது என்பது விதி.
ஆறு போட்டேன். அடித்தேன்.
எட்டரை போட்டு, அடித்ததற்குப் பக்கத்தில்
கையெழுத்தும் போட்டேன்.
யார் பிள்ளை என்று தெரியாது,
பதிவெண் இருந்த தலைப்பைக் கிழித்துத்தான் தருகிறார்கள்.

இசக்கியப்பன் தம்ளர் பொறுக்க வந்தான்.
'ரெண்டு சங்கத்துக்கும் சேத்து ஒரே கொடியாம் டீச்சர்.
தைக்கக் குடுத்தாச்சு.'
என்ன நிறம்?
'அது இன்னும் முடிவாகலை.
ரெண்டு நெறத்துலயும் துணி எடுத்துப் போட்டுட்டுப் போயிட்டாவ.
டெய்லர் கத்திரியும் கையுமா உக்காந்திருக்காரு.'

மணி அடித்தது.
முப்பதையும் அடுக்கிச் சணல் போட்டு இறுக்கினேன்.
எல்லாம் ஒரு கட்டாக நின்றது.
இழுத்த இழுப்பில்
மேல் தாளின் ஓரம் கிழிந்திருந்தது.