நொடிக்குப் பதினைந்தாயிரம் கோடு

துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் போன கப்பலில்
பதினெட்டு வருஷம் ஆடிய பெட்டி.
கப்பலை உடைத்தபோது இருநூறு யூரோவுக்கு எடுத்தேன்.
காசு போடும் துவாரத்தில்
ஒரு ஸ்வீடிஷ் குரோனா இன்னும் சிக்கிக் கிடக்கிறது.
அதை நான் எடுக்கவில்லை.

தாம்பெரேயில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்று.
சைக்கிள்கள் நிறுத்தும் நிலவறையில்
கீபோர்டை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
ஆட்டங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன.
தகராறு மெனுவோடுதான்.

எதை ஆடப்போகிறாய் என்று கேட்கிற அந்த மெனு
புதுத் திரைகளுக்கென்று பிறந்தது.
அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது வேண்டும் என்கிறது,
நொடிக்கு முப்பத்தோராயிரம் கோடு.
இந்தக் கண்ணாடிக் குழாய்க்குத் தெரிந்தது அதில் பாதி.
கேட்டதைக் கொடுத்தால்
பட்டியல் மூன்றாகக் கிழிந்து
சாய்வாக ஓடிப்போகிறது.

கோப்பைத் திறக்கிறேன்.
முந்நூற்றிருபது, இருநூற்று நாற்பது.
சேமித்து, அணைத்து, போடுகிறேன்.
நின்றது!
கடைசி வரி மட்டும் சட்டத்துக்கு அடியில் போய்விட்டது:
'வெளியேறு' என்பதற்குத் தலை தெரிகிறது, கால் இல்லை.

ஞாயிறு வரை என்னோடு இருக்கிற பிஹ்லா
படியில் உட்கார்ந்து வேதியியல் படிக்கிறாள்.
திரை அவள் பக்கம் திரும்பியே இல்லை.
"இப்போ குதிக்கும் பாருங்க" என்றாள்.
படம் குதித்தது.
"எப்படித் தெரியும்?"
"அதான் கத்துதே. கேக்கலையா உங்களுக்கு?"

முப்பது வருஷம் பஸ் பணிமனையில்
காற்றுத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் விட்டுவந்த காது.
குழாய் பாடுமாம்.
எண் சரியென்றால் ஊசி மாதிரி ஒரே சுருதி,
தப்பென்றால் நடுங்குமாம்,
கெட்டில் கொதிப்பதற்குக் கொஞ்சம் முந்தி நடுங்குவதுபோல.
இலையுதிர்காலம் முழுக்க
இதன் முன்னால்தானே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வேலை இப்படி நடந்தது:
கோட்டு எண்ணிக்கை, புத்துயிர்ப்பு வேகம், ஓர இடைவெளி,
ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு
திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன்.
அவள் புத்தகத்தைப் பார்த்தபடி
"ம்ஹூம்."
"ம்ஹூம்."
"ஐயோ, வேண்டாம்."
அமோனியாவில் எத்தனை ஹைட்ரஜன் என்று நடுவில் கேட்டாள்.
மூன்று என்றேன், அது சரியாம்.
பத்தே காலுக்கு, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே,
"அதுதான்" என்றாள்.

பென்சில் வாங்கி அந்த எண்களைப்
பெட்டியின் உள்பக்கப் பலகையில் எழுதினாள்.
ஏழைக் குறுக்கே கோடு போட்டு எழுதுகிறாள், அவள் அம்மாவைப்போல.
'வெளியேறு'வுக்குக் கால் வந்திருந்தது.
இருவரும் ஒரு ஆட்டம் ஆடினோம். தோற்றேன்.

ஞாயிறு நாலு மணி பஸ்ஸில் லாஹ்திக்குப் போய்விட்டாள்.

திங்கள் ராத்திரி கீழே இறங்கி
ஒரு எண்ணை வேண்டுமென்றே கெடுத்தேன்.
விளக்கை அணைத்துவிட்டு
திரையோடு காதை வைத்துப் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை.
கன்னத்து முடி மட்டும்
ஒவ்வொன்றாகக் கண்ணாடியை நோக்கி எழுந்தது.