கண், வாய், தலை

பொதோலியாவிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் நாக்கில்
அது ஓஃபர்.
எருசலேமில் படித்து வந்த வாத்தியார் திருத்துவார்: அஃபார்.
முதல் எழுத்துக்காகத் தொண்டைக்குள் எதையோ தேடுவார்,
கிடைக்காது, இருமுவார்.
எப்படிச் சொன்னாலும் மண்.
பெருக்கினால் பறக்கிற தூசிக்கு வேறு சொல் உண்டு.
இது கனம். கிடக்கும். காத்திருக்கும்.

எழுதிப் பார்த்தால் மூன்றே எழுத்து.
முதல் எழுத்தின் பெயருக்குக் கண் என்று பொருள்,
அடுத்ததற்கு வாய்,
கடைசிக்குத் தலை.

நேற்றிரவு க்னேஸ்யா ப்ரோன்ஷ்டைனைக் கழுவினோம்,
நானும் மருத்துவச்சி த்ஸிவியாவும்.
என்ட்ரே ரியோஸில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம்;
ஊற்றிய தண்ணீர் எங்கள் விரல்களைக் கடித்தது,
அவளை ஒன்றும் செய்யவில்லை.

வெட்டுக்கிளி ஆளிவிதை வயலைத் தின்று தீர்த்த வருஷம்
விதைக்கென்று அறுபது பெசோ கொடுத்தவள்.
வட்டி பேசவில்லை; நம்மவர்க்குள் வட்டி ஆகாது.
"வெள்ளிக்கிழமை ஒரு வாளி பால் போதும், பாஸ்யா,
அதுவும் அன்பளிப்பாக."
கோழி அறுக்கும் ஸூஸ்மன், எங்களுக்குப் பாதி ரப்பி,
கேள்விப்பட்டுத் தாடியைச் சொறிந்தார்:
அது வட்டி இல்லை, வட்டியின் தூசி.
அதையும் தட்டிவிட வேண்டும் என்பது சட்டம்.
(அவர் சொன்னது அந்தப் பறக்கிற தூசி.)
யார் தட்டினார்கள்? பால் போனது.
மூன்று வெள்ளி கழித்து
மாட்டோடு கிணற்றையும் கொஞ்சம் கறந்தேன்.

ஏழு வருஷம்.
அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டேன் என்றுதான் இருந்தேன்.
ஒரே ஒரு முறை, வாளியை வாங்கும்போது,
"உன் மாடு மழையில் நின்றதோ?" என்றாள்.
அந்த மாதம் மழையே இல்லை.

எருசலேம் மண் அடைத்த பை
அலமாரியில் கடைசியாக ஒன்று இருந்தது.
பூச்சி அரித்த துணி; வழியெல்லாம் சிந்தி
தட்டில் கொட்டினால் இரண்டு கரண்டி.
த்ஸிவியா பானை ஓட்டை உடைத்து
இமைக்கு ஒன்றாக, உதட்டுக்கு ஒன்றாக அளவு பார்த்தாள்.
மண்ணை என்னிடம் நீட்டினாள்.

கண்ணில் தூவினேன்,
இந்த முறை சாட்சியோடு.
வாயில் போட்டேன்.
தலைக்கு மிஞ்சவில்லை.

லாந்தரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன்.
உழுத நிலம் உறைந்து கல்லாகக் கிடந்தது,
மண்வெட்டி துள்ளித் திரும்பியது.
கிணற்றடி மட்டும்தான் இளகியிருந்தது.
வாளி வைத்து வைத்து வட்டமாகப் பதிந்த இடம்.
அங்கே வெட்டினேன்.
கறுத்த மண், நன்றாகவே நனைந்தது.
தலையணை உறையில் கட்டி அவள் தலைக்கு அடியில் வைத்தபோது
வெள்ளைத் துணியில் ஈரம் பரவியது.
த்ஸிவியா பார்த்தாள். பேசாமல் முடிச்சை இறுக்கினாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று.
அந்த முதல் எழுத்துக்கு எங்கள் நாக்கில் ஒலி கிடையாது.
கண் முன்னால் வந்து நிற்கும்,
எல்லாவற்றையும் பார்க்கும்,
சத்தம் போடாது.

அறுபதில் நாற்பத்தைந்து கட்டியாயிற்று.
அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.
மீதியை யாரிடம் கொடுப்பது,
பால் கணக்கில் தண்ணீரைக் கழிக்க வேண்டுமா,
ஸூஸ்மனைக் கேட்க வேண்டும்.
கேட்டால் தாடியைச் சொறிவார்.