ஜாமீன்

எஞ்சின் கடனுக்கு மூன்று தம்பிகளின் கையெழுத்து.
ஜாமீனுக்கு நான்,
பிலோமினாள், காசிமேட்டில் ஐஸ் விற்கிறவள்.

நூற்றிருபது தவணை, பத்து வருஷம், சம்மதமா
என்றார் மேனேஜர்.
சின்னவன் சிரித்தான்.
"பத்து வருஷமா சார்?
அதுக்குள்ள நாங்க மேகத்துல இருப்போம்.
இரகசிய வருகை.
அப்புறம் ஏழு வருஷம் உபத்திரவம்,
அதுக்கப்புறம்தான் ஆயிர வருஷ அரசாட்சி."
மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்போ தவணையை யார் கட்டுறது?"
சின்னவன் என்னைப் பார்த்தான்.

கைவிடப்படுகிறவள் என்று
என்னை அவன் எழுதிவைத்து நாலு வருஷம்.
ஜாமீனுக்கு அதுவே தகுதியாய்ப் போயிற்று.

மரியசூசை என்று வைத்த பெயரை
எண்ணூர் முகத்துவாரத்தில் முங்கி எழுந்து
ஏனோக்கு என்று மாற்றிக்கொண்டவன் அவன்.
ராத்திரி துறைமுகத்தில் கப்பல் ஊதினால்
எழுந்து உட்கார்ந்து
பக்கத்தில் பெண்டாட்டி இருக்கிறாளா என்று
தடவிப் பார்ப்பானாம்.
அவளே சொன்னாள், தலையிலடித்துக்கொண்டு.

டீக்கடையில் பெரியவன் இஞ்ஞாசி பிடித்துக்கொண்டான்.
"ஆயிரம்னா ஆயிரமாடா?
ஆயிரம் வாட்டி சொல்லிட்டேன்னு அம்மா திட்டுவாளே,
எண்ணியா திட்டினா?
அரசாட்சி எப்பவோ தொடங்கியாச்சு.
ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்தா தெரியும்."

நடுவன் லூர்துநாதன் சி.எஸ்.ஐ.யில் பெண் எடுத்தவன்,
மாமனார் பள்ளிக்கூட மணியக்காரர்.
உலகம் கொஞ்சங்கொஞ்சமாய்த் திருந்தும்,
திருந்தி முடிந்தபின் ஆண்டவர் வருவார் என்றான்.
அந்த நேரம் பார்த்து ஒரு கண்டெய்னர் லாரி
எங்கள் டீயில் புழுதியை வாரிக் கொட்டிப் போனது.
"திருந்திரும்,"
கிளாஸின் விளிம்பைத் துடைத்தான்.

வருகை உபத்திரவத்துக்கு முன்னா பின்னா,
நீ சொல்லுக்கா என்றார்கள்.
எர்ணாவூரில் என் வீட்டுக்கு எதிரே
ரெண்டு தெரு இருந்தது.
இப்போது கருங்கல் கிடக்கிறது,
கல்லுக்கு அந்தப் பக்கம் அலை.
கழிமுகத்தில் எண்ணெய் மிதந்த வருஷம்
என் கையிலிருந்த வாடை
எந்த சோப்புக்கும் போகவில்லை.
முன்னா பின்னா தெரியலடா,
நடுவில என்றேன்.
"அப்படியும் ஒரு கட்சி இருக்கு,"
சின்னவன் நிஜமாகவே மகிழ்ந்தான்.

"எப்படியும் கடைசியில புது வானம், புது பூமி.
கடல்தான் இருக்காது."
சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான்.
மூவரும் டீயைப் பார்த்தார்கள்.
பெரியவன் மெதுவாகக் கேட்டான்:
"சுத்தமாவா?"
ஒருவரும் பேசவில்லை.
டீக்காசை நடுவன் கொடுத்தான், கேட்காமலே.

மூன்று தவணை போனது.

ஒரு விடிகாலை, மூன்றரை இருக்கும்,
வண்டியில் ஐஸோடு வார்ஃபுக்குப் போனேன்.
எங்கோ ஒரு கப்பல் நீளமாய் ஊதி அடங்கியது.
படகு இருந்தது.
விளிம்பில் மடித்த சட்டை,
சட்டைமேல் அடித்துக்கொண்டிருக்கும் செல்போன்,
கீழே ஒரு ஜோடி செருப்பு, ஒழுங்காய்.
அவன் இல்லை.

"ஏனோக்கு" என்று கூப்பிட்டேன்.
அந்தப் பெயரை என் வாய் சொன்னது
அன்றைக்குத்தான் முதல்முறை.

நூற்றுப்பதினேழு தவணை
நினைவுக்கு வரவில்லை என்றால் பொய்.
ஆனால் அதற்கும் முன்னால் வந்தது,
ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே.
வானத்தைப் பார்த்தேன்.
துறைமுக விளக்கில் வெளிறி,
ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல்,
திறந்து மூடியதற்கு ஒரு அடையாளமும் இல்லாமல்.
செருப்பைத் தொட்டேன், சூடு இருக்கிறதா என்று.

படகுக்கடியில் தண்ணீர் கலங்கியது.
ப்ரொப்பெல்லரில் சுற்றிய நைலான் கயிறும்
பல்லில் கத்தியுமாய்
தலை ஒன்று வெளியே வந்தது.
கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு
"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல சூசை.
ஐஸ் கரையுது.
ஏறு மேல."