ரிமோட் உமையாளிடம்

காரைக்குடியிலிருந்து வந்த பையன்
சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு
ட்ரில்லைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டான்.
நிலைக்கு மேலே பழைய காற்றுத்துளை வழியாக
நாற்பது மீட்டர் வயர்
வளவைச் சுற்றிக்கொண்டு
என் அறைக்கு வந்து சேர்ந்தது.

பெட்டி, ஓரகத்தி உமையாள் அறையில்.
ரிமோட்டும் அங்கேதான்.
சந்தாவில் என் பாதி
நூற்று எண்பத்தாறு ரூபாய் ஐம்பது காசு.
அந்த ஐம்பது காசை
இருவருமே மறந்ததில்லை.

பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சு இல்லை.
அவள் பார்ப்பதுதான் எனக்கும்.
தொடரில் மருமகள் பூட்டிய அறையைத் திறக்கப் போவாள்,
சரியாக அப்போது செய்திக்கு மாற்றுவாள்.
"நல்லா இரு தாயே" என்பேன்
செய்தி வாசிப்பவரிடம்.

நேற்று ராத்திரி இரண்டு மணி.
எனக்குத் தூக்கம் இல்லை, டிவியைப் போட்டேன்.
திரையில் பச்சைக்கோடு
ஒவ்வொரு கட்டமாகக் குறைந்து
பூஜ்யத்தில் நின்றது.
பிறகு சேனல் மாறியது. மாறிக்கொண்டே இருந்தது.
குத்துச்சண்டை, வளையல் விற்பனை,
யாரோ வெங்காயம் நறுக்கினார்கள்,
எதுவும் மூன்று மூச்சுக்கு நிற்கவில்லை.
ஈப்போவிலிருந்து சாத்தப்பன் கூப்பிடவில்லையோ.
இல்லை, அந்த முழங்கால்தானோ.

இருமினேன்.
வேண்டுமென்று இல்லை, கொஞ்சம் வேண்டுமென்றும்தான்.

சேனல் நின்றது.
மாலைத் தொடரின் மறுஒளிபரப்பு.
மருமகள் சாவியைத் திருப்புகிறாள்,
உமையாள் மாற்றவில்லை,
கதவு திறக்கிறது,
உள்ளே
ஒரு பூனை.

ஆறு மாதக் கதைக்கு ஒரு பூனை!

வளவுக்கு அந்தப் பக்கம்
அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு.
நான் தலையணையைக்
கடித்துக்கொண்டேன்.