மனை எண் 41 பற்றிய குறிப்பு

சங்க விதி பதினேழு:
வேலியின் உயரம் ஒன்றேகால் மீட்டர்.
அதற்கு மேல் ஆகாது.

ஆகஸ்டில் க்ரெட்ஷ்மார் அளவுநாடாவோடு வந்தார்.
நாடா எட்டியது, கை எட்டவில்லை.
ஸ்டூல் கேட்டார்.
ஹைட்ருன் மெர்பிட்ஸ் கொடுத்தாள்,
கொடுத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டும் நின்றாள்,
அளக்க வந்தவர் விழுந்துவிடக் கூடாதே.

நான் சங்கச் செயலாளர். எழுதுவது மட்டும் என் வேலை.
எழுதினேன்: மூன்று மீட்டர் பதினெட்டு.

"இது வேலி" என்றார்.
"இது காய்கறி" என்றாள்.
"காய் எங்கே?"
"கீழே."
அவர் கீழே பார்த்தார்.
மண் வாய் திறக்கவில்லை.

டோப்பினம்பூர் என்று லைப்சிக்கில் பெயர்.
சூரியகாந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை;
அக்காளின் அகன்ற முகம் வாய்க்கவில்லை,
சேர்த்ததையெல்லாம் காலடியில் புதைத்துவைப்பாள்,
இஞ்சிக்கும் உருளைக்கும் பிறந்ததுபோல்
முண்டும் முடிச்சுமாய்.

ஆறே கிழங்குதான் வைத்தாளாம்,
தண்டவாளத்தை ஒட்டிய மூலையில்.
சிக்னலுக்கு நிற்கும் சரக்கு ரயிலின் ஓட்டுநர்
அவள் குடிக்கும் காபியை
எட்டிப் பார்க்கிறார் என்று.
ஆக, வேலிதான்.
என்னிடம் மட்டும் சொன்னாள்.
குறிப்பில் எழுதவில்லை.

முதல் உறைபனி விழட்டும், அப்போதுதான் இனிக்கும்
என்று காத்திருந்து தோண்டினாள்.
நவம்பர் கூட்டத்துக்குப் பெரிய பானையில் சூப் வந்தது.
நகம் தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்கிடுக்காய்த் தேய்த்து,
ஜாதிக்காய் உரசிப் போட்டது.
கொஞ்சம் பாதாம், கொஞ்சம் ஈரமண்.
க்ரெட்ஷ்மார் இரண்டு கிண்ணம்.

பொருள் ஒன்று: தண்ணீர் மீட்டர்.
பொருள் இரண்டு: கழிவுத்தொட்டிச் சாவி.
பொருள் மூன்று, மனை 41, தொடங்கியபோது
நாற்காலிகள் பேச ஆரம்பித்தன.
முதல் சத்தத்துக்குப் பொருளாளர் லோத்தார் இருமினார்.
இரண்டாவதற்கு இருமல் போதவில்லை.
ஜன்னல்களைத் திறப்பதென்று
ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.
இந்தச் சங்கத்தில் ஒருமனதாக எதுவும் நிறைவேறி
ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

ஆனாலும் கடிதம் போனது:
மார்ச் முடியுமுன் அகற்றவும்.

அகற்றினாள். நான் சாட்சி.
நாலு வாளி. பிறகு மண்ணைச் சல்லடையில் போட்டு
இன்னும் அரை வாளி.
இருட்டும்வரை மண்டியிட்டுத் துழாவினாள்,
கம்மல் தொலைத்தவள் மாதிரி.

விரல்நுனி அளவு ஒன்று தங்கினால் போதும் அதற்கு.

மே மாதம் முப்பத்திரண்டு முளை.
நான் எண்ணியது.
மொத்தத்தில் முப்பத்துமூன்று;
ஒன்று பாதைக்கு அடியில் போய்,
இல்லை, எலி கொண்டுபோய்விட்டதோ என்னவோ,
நாற்பதாம் மனையில் தலைநீட்டியது,
க்ரெட்ஷ்மார் நூல்பிடித்து நட்ட லீக் வரிசைக்கு நடுவில்,
சொரசொரப்பான இரண்டு இலையோடு.

அவர் கையில் களைக்கொத்து இருந்தது.
வேலிக்கு இப்பால் நான் இருந்தது தெரியாது.
கொத்தினார், அதைச் சுற்றி.
ஜூலையில் ஒரு கழி ஊன்றிக் கட்டினார்.

ஒருநாள் வழியில் நிறுத்திக் கேட்டார்:
"ஒன்றேகால் மீட்டரில் நறுக்கினால் பூக்குமா?"
தெரியாது என்றேன்.
நறுக்கவில்லை.

அக்டோபரில் பூத்தது.
உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள்.
சாக்லேட் வாசம் என்கிறார்கள்;
முகர வேண்டுமானால் ஏற வேண்டும்.

ஸ்டூல் இன்னும் நாற்பதாம் மனையில்தான் இருக்கிறது.
ஹைட்ருன் திருப்பிக் கேட்கவில்லை.