நான்காவது விருந்தாளி

ஔலு நகரில் பிப்ரவரி. வெளியே உறைநிலைக்கும் கீழே இருபத்தாறு.
சௌனா அறையின் வாசலில், துண்டு மாட்டும் அலமாரிக்குள்
ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டிய கணினி.
நாற்பது யூரோ. எட்டு ஜிபி நினைவகம்.
அதற்குள் மூன்று பேர் குடியேற வேண்டும்:
பறவைத் தட்டைப் பார்க்கும் கேமராவுக்கு ஒரு லினக்ஸ்,
புகைப்படங்களுக்கு இன்னொன்று,
சிர்க்காவின் பின்னல் எந்திரத்துக்கு ஒரு கிழட்டு விண்டோஸ்;
வேறு யார் பேச்சையும் அந்த எந்திரம் கேட்காது.

மூன்று வாரம் இல்போ
ஜென் என்றான், புராக்ஸ்மாக்ஸ் என்றான்,
உறைமீன் அட்டைப்பெட்டியின் முதுகில் கணக்குப் போட்டான்.
அதுவரைக்கும் இருக்கட்டுமென்று விர்ச்சுவல்பாக்ஸ்.
ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியது:
விண்டோஸ் விழித்தால்
வீட்டுக்காரனுக்கு மூச்சு முட்டியது.

சனி இரவு, கேவிஎம்.
கர்னலுக்குள்ளேயே இருந்த கதவு.
இவன்தான் ஊரெல்லாம் தட்டிக்கொண்டிருந்தான்.
மூவரும் வந்து அமர்ந்தார்கள். விசிறி அடங்கியது.
துண்டிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

காலையில் சிர்க்கா வந்து நின்றாள்.
"என்ன செய்தாய் அதை?"
கையில் ரை மாவுச் சட்டி. ஒரு விரல்கூட எழும்பவில்லை.
மூன்று வாரமாய் அந்தப் பெட்டியின் தலையில்தான்
புளிக்க வைத்திருக்கிறாள்.

இப்போது நான்காவதாய் ஒரு விருந்தாளி.
யாருக்கும் பயனில்லை.
சனிதோறும் இரவில் எழுந்து
பகா எண்களை எண்ணி எண்ணிச்
சூடாகிறது.